திரும்பி வந்துடாதீங்க

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குச் சமுதாயக் கூடத்தைப் பூட்டி, சாவியைப் பக்கத்து மளிகைக்கடை அக்காவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பி.எட். முடித்த பிறகு நான் எடுத்த முதல் வகுப்பு இது. திருப்பூரில் எங்கள் பகுதியில், பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறிய 11 பிள்ளைகளுக்குத் துணைத் தேர்வுக்காக ஆறு வாரம், தினம் ஏழு மணி முதல் ஒன்பது வரை. பகலில் பள்ளியிலேயே சிறப்பு வகுப்பு உண்டு, ஆனால் ரிசல்ட் வந்த அடுத்த வாரமே பனியன் கம்பெனிக்குப் போக ஆரம்பித்துவிட்ட பிள்ளைகள் அதற்கு எப்படிப் போவார்கள்? செக்கிங், பேக்கிங், பிசிர் வெட்டுவது என்று ஆளுக்கொரு வேலை முடித்து, தலையில் பஞ்சுத் தூசியோடுதான் வருவார்கள். கத்திரி வெயில் முடியாத நாட்கள் அவை. கூடத்தில் இருந்தது ஒரே ஒரு ஃபேன், அதுவும் சுற்றுவதைவிடச் சத்தம் போடுவதுதான் அதிகம்.

முதல் நாள் நான் பண்ணிய கூத்தைச் சொல்ல வேண்டும். பி.எட்.டில் சொல்லிக்கொடுத்த மாதிரியே அழகாக லெசன் பிளான் எழுதி எடுத்துக்கொண்டு போய், முதல் பாடத்திலிருந்து, அதாவது உறவுகளும் சார்புகளும், கார்ட்டீசியன் பெருக்கல் என்று ஆரம்பித்தேன். இருபது நிமிடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தவர்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் லெசன் பிளானை மூடி வைத்தவள்தான், அப்புறம் திறக்கவே இல்லை.

மறுநாள் போர்டில் 35 என்று மட்டும் எழுதினேன். இதை எங்கிருந்தெல்லாம் எடுக்கலாம்? வரைபடம் 8, செய்முறை வடிவியல் 8, ஆகமொத்தம் 16. ஒரு மதிப்பெண் கேள்விகள் 14 வரும், அதில் 9 சரியாகப் போட்டால் 25. இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து போட்டால் 35. புத்தகம் முழுவதும் தெரிய வேண்டியதில்லை என்பது புரிந்ததும் முகமெல்லாம் மாறிவிட்டது. இப்படிச் சொல்லிக்கொடுப்பது கல்வியா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். இல்லைதான். ஆனால் பத்தாவது பாஸாகாமல் பிளஸ் ஒன் வாசலில்கூட நிற்க முடியாத பிள்ளையிடம் போய் கல்வியின் நோக்கத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்த 8 மதிப்பெண் வரைபடத்திலும் எல்லாரையும் கவிழ்த்தது ஒரே இடம்தான். x-க்கு −4 போட்டால் x² எவ்வளவு? பதினோரு பேரில் ஒன்பது பேர் −16 என்றார்கள். பரவளையம் வர வேண்டிய இடத்தில் பாம்பு மாதிரி என்னமோ ஒன்று நெளியும். இந்த ஒரு மைனஸோடு மட்டும் நாலு நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் பேக்கிங்கில் இருக்கும் பையன்தான் வழி கண்டுபிடித்தான், மைனஸ் எண்ணை முதலில் அடைப்புக்குறிக்குள் போட்டு, பக்கத்திலேயே இன்னொரு தரம் எழுதிவிட்டு அப்புறம்தான் பெருக்குவது என்று. எனக்குத் தெரியாததா அது? தெரியும். ஆனால் நான் சொன்னபோது ஏறாதது, அவன் சொன்னதும் எல்லாருக்கும் ஏறிவிட்டது.

அவனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் விரல் விடுவான். பதினேழு டஜன் எத்தனை பீஸ் என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் "இருநூத்தி நாலுங்க மிஸ்" என்பான். இவனுக்குக் கணக்கு வராது என்று எந்த வாயால் சொல்வது?

நேற்றுக் கடைசி வகுப்பு. நாளை மறுநாள் கணக்குப் பரீட்சை. நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன், வந்து நின்றால் வாயிலிருந்து வந்ததெல்லாம் பென்சிலைச் சீவி வைங்க, உதவிப்படம் போடாமல் வடிவியலைத் தொடாதீங்க, ஒரு மார்க்குக்குக் குறியீட்டோடு விடையையும் எழுதுங்க, ஹால் டிக்கெட்டை இன்றைக்கே பையில் வைங்க என்பது மட்டும்தான். காம்பஸில் திருகு லூசாக இருந்த மூன்று பேருக்கு முறுக்கிக் கொடுத்தேன். அதிலேயே அரைமணி நேரம் போய்விட்டது.

கடைசியில், "இனிமே உங்க யாரையும் நான் இந்த இடத்துல பாக்கக் கூடாது, சரியா? திரும்பி வந்துடாதீங்க" என்றேன். சிரிக்கச் சொன்னதுதான், சிரித்தார்கள். ஆனால் சொல்லி முடித்ததும் எனக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது. மற்ற வாத்தியார்கள் எல்லாம் பிள்ளைகளிடம் அடிக்கடி வாங்க என்பார்கள், எனக்கு வாய்த்த முதல் வகுப்பு இப்படி.

அப்போது பிசிர் வெட்டும் பெண் எழுந்து ஒரு கவரை நீட்டினாள். உள்ளே கரும்பச்சை நிறத்தில் காலர் வைத்த டி-ஷர்ட். "எல்லாரும் சேந்து வாங்குனோங்க மிஸ். செகண்ட்ஸ்தானுங்க, ஆனா கிழிசல் ஒண்ணுமில்ல. காலர்ல ஒரு தையல் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான்." எவ்வளவு தேடியும் அந்தத் தையல் என் கண்ணில் படவில்லை. அவள்தான் விரல் வைத்துக் காட்டினாள். பிசிர் வெட்டுபவர்கள் கண் அப்படி.

பின்னாலிருந்து ஒருவன், "வரக் கூடாதுங்கறீங்க, அப்ப பாஸாயிட்டா எப்படிச் சொல்றது?" என்று கேட்டான். அதுவும் சரிதானே என்று போர்டில் என் போன் நம்பரை எழுதினேன். எல்லாரும் நோட்டில் குறித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பேக்கிங் பையன் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ், அதுல ஒம்பது நம்பர்தானுங்க இருக்கு."