பிறவி ஹைப்பர் இன்சுலினிசம்: ஸ்கேன் காட்டும் இடத்தில் ஆபரேஷன்

ஈரோடு, கோபி, தாராபுரம் பக்கமிருந்து இந்த நோயால் (பிறவியிலேயே கணையம் இன்சுலினை அதிகமாகச் சுரந்து ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும் நோய்) சர்க்கரை ஏறாமல் கோவைக்கு வரும் பச்சிளங்குழந்தைக்கு நாங்கள் முதலில் போடுவது டிரிப் கணக்கு. 3 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 15 மி.கி. குளுக்கோஸ் தேவை என்றால் மணிக்கு 2.7 கிராம். அதை 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் கரைசல்) கொடுத்தால் ஒரு நாளைக்கு 648 மி.லி. ஆகும், குழந்தை வீங்கிவிடும். 20 சதவீதத்தில் மணிக்கு 13.5 மி.லி. போதும். ஆனால் கை நரம்பு அதைத் தாங்காது, சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்தநாளம் வரை போகும் குழாய்) போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் மருந்தான டயாசாக்சைடுக்குச் சர்க்கரை ஏறவில்லை என்றால் குழந்தை, அப்பா, அம்மா மூவரின் ரத்தத்தையும் ஒன்றாக மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். நம் பக்கம் மாமன் மகளைக் கட்டுவது வழக்கம் என்பதால், "சொந்தத்தில் கட்டினவர்கள், நோய் கணையம் முழுக்கத்தான் இருக்கும்" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தப்பு. ஏ.பி.சி.சி.8 அல்லது கே.சி.என்.ஜே.11 மரபணுவில் அப்பா வழியில் மட்டும் பழுது வந்திருந்தால், கணையத்தில் ஒரே ஒரு புள்ளியில் நோய் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குழந்தைக்கு ஸ்கேன் கட்டாயம். மரபணுச் சோதனையைச் சாக்காக வைத்துத் தாயைப் பழி பேச யாரையும் விடாதீர்கள்.

புற்றுநோய்க்கு எடுக்கும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன் இதற்கு உதவாது. கணையத்தில் நோயுள்ள இடத்தை ஒளிரவைக்கும் கதிரியக்க ஸ்கேன் மருந்தான எஃப்-18 டோப்பா வேண்டும். 110 நிமிடத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். வண்டி 3 மணி 40 நிமிடம் ஓடினால் கால் பங்குதான் மிச்சம். எனவே மருந்து தயாராகும் இடத்தைக் கேட்டுக்கொண்டு அந்த ஊருக்குக் குழந்தையைக் கொண்டுபோவதே மேல்.

ஸ்கேன் அன்றைக்குத் தவறு நடப்பது பெரும்பாலும் டிரிப்பில்தான். ஸ்கேன் மருந்தைக் குளுக்கோஸ் ஓடும் லைனிலேயே ஏற்றிக் குழாயைக் கழுவித் தள்ளினால் (ஃப்ளஷ்), குழாயில் நிற்கும் அடர் குளுக்கோஸ் ஒரேயடியாக உள்ளே போகும். இன்சுலின் பாய்ந்து வந்து, கொஞ்ச நேரத்தில் சர்க்கரை சரியும். ஆகவே மருந்துக்கு வேறு கையில் தனி ஊசி. பம்ப் பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். பால் நிறுத்தியிருப்பதால் அந்த அளவையும் டிரிப் ஈடுகட்ட வேண்டும். மெஷினுக்குள் இருக்கும்போதும் குதிகாலில் குத்திச் சர்க்கரை பாருங்கள்.

படத்தில் பித்தப்பை, டியோடினம் (சிறுகுடலின் முதல் பகுதி), சிறுநீரகம் எல்லாமே ஒளிரும். கணையத்தின் வால் இடது சிறுநீரகத்தின் மேல்நுனியை ஒட்டியிருப்பதால் அங்கேதான் ஏமாற்றம் நடக்கும். கணையத் தலையும் இயல்பாகவே சற்றுத் தூக்கலாகத் தெரியும். கான்ட்ராஸ்ட் சி.டி.யும் சேர்த்து எடுத்தால்தான் பித்தநாளம் எவ்வளவு கிட்டே என்று சர்ஜனுக்குத் தெரியும்.

புள்ளி பல நேரம் 1 செ.மீ.கூட இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. ஓரங்கள் நண்டுக்கால் மாதிரி ஓடியிருக்கும். அதனால் படத்தை மட்டும் நம்பி வெட்டி மூடிவிடக் கூடாது. வெட்டிய திசுவை ஆபரேஷன் நடக்கும்போதே உறையவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஃப்ரோசன் செக்ஷனில் ஓரம் சுத்தம் என்று வரும்வரை காத்திருக்க வேண்டும். புள்ளி கணையத் தலையில் இருந்தால் மிச்சக் கணையத்தைக் குடலோடு இணைக்க வேண்டிவரும்.

புள்ளியை எடுத்த பிறகு சர்க்கரை ஏறும். டிரிப்பைச் சட்டென நிறுத்தாமல் படிப்படியாகக் குறையுங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன், மருந்தில்லாமல் 18 மணி நேரம் பாலை நிறுத்திப் பார்ப்போம். சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கக் கூடாது.