பழைய காக்ஸ் எஞ்சினுக்கு டீசல் ஹெட் மாட்டுவதற்கு முன்

காக்ஸ் நிறுவனத்தின் சிறிய மாதிரி விமான எஞ்சின் 'பேப் பீ' 0.049 (கன அங்குலம்). அதில் சூடான கம்பியால் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ ஹெட்டைக் கழற்றி, அழுத்தத்தால் பற்றவைக்கும் டீசல் ஹெட்டைத் திருகி மாட்ட ஐந்து நிமிடம் போதும். அதற்கு முன் பிஸ்டனையும், அதைக் கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழலும் அச்சோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் சோதித்துப் பார்க்க நான் ஒரு மாலைப்பொழுதையே ஒதுக்குகிறேன். இந்த மாற்றத்தில் உண்மையான கவனத்தைக் கோருவது அந்தச் சோதனைதான்.

மாதிரி விமான டீசல், லாரி டீசலைப் போல எரிபொருளைத் தனியாகப் பீய்ச்சுவதில்லை. ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஆகியவை ஏறத்தாழ சமபங்காகச் சேர்ந்த கலவை, காற்றோடு கலந்தே உள்ளே வருகிறது. அழுத்தத்தின் சூட்டில் முதலில் பற்றுவது ஈதர். வலிமையைத் தருவது மண்ணெண்ணெய். தேய்மானத்தைத் தடுப்பது ஆமணக்கெண்ணெய். குளோ எஞ்சினில் மெத்தனாலைப் பற்றவைக்கும் பிளாட்டினக் கம்பிக்கு இங்கே வேலையில்லை. ஹெட்டுக்குள் இருக்கும் கான்ட்ரா பிஸ்டன் என்ற நகரும் அடைப்பை மேலிருக்கும் திருகினால் இறக்கி ஏற்றி, அழுத்தத்தை நாமே அமைத்துக்கொள்கிறோம்.

அந்த அழுத்தம் குளோவுக்கெனச் செய்த உறுப்புகளின் மீதுதான் விழுகிறது. காக்ஸ் பிஸ்டனுக்குள் ராடின் உருண்டை முனை ஒரு குழிக்குள் அமர்ந்திருக்கும். அந்தப் பிடிப்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தால், டீசலின் ஒவ்வொரு அடியும் அதை மேலும் தளர்த்தும். ஆகவே அதற்கென உள்ள கருவியால் குழியின் விளிம்பை இறுக்கிய பிறகே ஹெட்டை மாட்ட வேண்டும். நான் அவசரத்தில் இதைத் தவிர்த்த எஞ்சின் ஒன்றின் பிஸ்டனை இழந்தேன். அது இன்றும் எனக்கு வருத்தமே. 1930-களின் பிரவுன் ஜூனியர் போன்ற தீப்பொறி எஞ்சின்களை டீசலாக மாற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. குறைந்த அழுத்தத்துக்காகச் செய்த அவற்றின் ராடையும் கிராங்க் ஷாஃப்டையும் டீசலின் அழுத்தத்துக்கு உள்ளாக்குவது, திரும்பக் கிடைக்காத ஒன்றைப் பணயம் வைப்பதாகும். காக்ஸிலும் சிலிண்டரைக் கடையாமல், துளையிடாமல், கழற்றிய குளோ ஹெட்டை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்தி வைக்கிறேன்.

இவ்வளவு சிரமத்துக்கும் பலன் உண்டு. ஆறு அங்குல புரொப்பெல்லரை விர்ரென்று சுழற்றிய அதே எஞ்சின், ஏழு அங்குலத்தை நிதானமாக, குறைந்த எரிபொருளில் இழுக்கிறது. மெதுவாகப் பறக்கும் பழைய வடிவ விமானங்களுக்கு அந்த இழுவையே பொருத்தம்.

தொடங்கும்போது புரொப்பெல்லர் கனமாகத் தடைபட்டால் ஒருபோதும் வலிந்து சுழற்றக் கூடாது: உள்ளே திரவம் தேங்கியிருக்கும், ராட் வளைந்துவிடும். திருகைத் தளர்த்தி, தேங்கியதை வெளியேற்றிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஓடிச் சூடேறிய பின் ஒலி கனத்து வேகம் தொய்ந்தால், அழுத்தம் மிகுந்துவிட்டதென்று அறிந்து திருகைச் சிறிது பின்வாங்க வேண்டும். விட்டுவிட்டு வெடித்தால் மீண்டும் மெல்ல இறுக்க வேண்டும்.