ஐந்து நாட்டு எல்லைச் சுற்றுலா: 15 மதிப்பெண் கேள்விக்கு நான் படித்த விதம்

எல்லை தாண்டிய கூட்டுத் திட்டங்கள் நீடித்த சுற்றுலாவுக்கு எப்படி உதவுகின்றன? சுற்றுலா மேலாண்மை முதுகலை மாதிரித் தேர்வில் இந்தக் கேள்விக்கு நான்கு பக்கம் எழுதினேன். ஒத்துழைப்பு, வளர்ச்சி எல்லாம் இருந்தது. ஓர் ஊர்ப் பெயர்கூட இல்லை. 15-க்கு 5. ஓரத்தில் "எங்கே?" என்று சிவப்பு மையில் ஒரே சொல்.

அப்புறம் ஒரே இடத்தை எடுத்துப் படித்தேன்: ஆப்பிரிக்காவின் கவாங்கோ–ஜாம்பேசி காட்டுப் பகுதி. அங்கோலா, போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகியவை 2011-இல் ஒப்பந்தம் போட்டுக் கூட்டாகக் காக்கும் நிலம். சுமார் 5,20,000 சதுர கிலோமீட்டர். நான்கு தமிழ்நாடு அளவு.

நீங்களும் முதலில் கையால் வரைபடம் போடுங்கள். கசுங்குலா என்ற ஊரருகே சோபே ஆறு ஜாம்பேசியில் சேர்கிறது; அங்கே நான்கு நாடுகள் என் பென்சில் முனைக்குள் அடங்கிவிட்டன. அதை வரைந்தபோதுதான் கேள்வியே எனக்குப் புரிந்தது. யானை ஆற்றைக் கடந்து போய்விடும். மனிதருக்குக் கரைக்கொரு விசா.

விக்டோரியா அருவிக்கு ஒரு பக்கம் ஜாம்பியா, மறுபக்கம் ஜிம்பாப்வே. இரண்டு கரையிலிருந்தும் பார்க்கத் தனித்தனி விசா வாங்க வேண்டியிருந்தது. 2014-இல் இரு நாடுகளும் சேர்ந்து ஒரே விசா கொண்டுவந்தன: 50 டாலர், 30 நாள். கசுங்குலா வழியே போட்ஸ்வானாவுக்குப் போய் அன்றே திரும்பவும் அனுமதி உண்டு. பாதி விடை இங்கேதான் இருக்கிறது. அருவியைப் பார்த்த கையோடு கிளம்பக்கூடியவர் இன்னும் இரண்டு இரவு தங்கினால், படகுக்காரருக்கும் வழிகாட்டிக்கும் வேலை கிடைக்கும்.

'நீடித்த' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். 2022 வான்வழிக் கணக்கெடுப்பில் இங்கே சுமார் 2,28,000 யானைகள். அவற்றின் வழித்தடத்தை ஒரு நாடு மட்டும் காத்துப் பயனில்லை. பயிரை யானை மிதித்த விவசாயியின் கைக்குச் சுற்றுலாப் பணம் வராவிட்டால் காடும் நிற்காது. நமீபியாவில் கிராம மக்களே நடத்தும் வனவிலங்குக் காப்பகங்களை இங்கே எழுதலாம். 1996 சட்டம் சுற்றுலா வருமானத்தில் அவர்களுக்கு உரிமை தந்தது.

குறைகளையும் எழுதுங்கள். கூட்டில் ஐந்து நாடுகள், ஆனால் அந்த விசாவைத் தொடங்கியவை இரண்டுதான். போட்ஸ்வானாவையும் ஜாம்பியாவையும் இணைக்க 2021-இல் திறந்த கசுங்குலா பாலம்கூட, கூட்டாளியான ஜிம்பாப்வேயின் எல்லைக்குள் படாமல் வளைந்து போகிறது. இறுதித் தேர்வில் அந்த வளைவையும் வரைந்து காட்டினேன், 12 கிடைத்தது.