ஆஃபர் லெட்டரும் ஜெபமும்

எங்கள் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் பெண் வந்து, "அக்கா, எனக்காக ஜெபிச்சுக்கிடுங்க" என்று சொன்னால், வெளிநாட்டு வேலைக்கான ஆஃபர் லெட்டர் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு வேலை கேரளத்தில் பாறசாலைக்குப் பக்கத்தில், வீடு எல்லையில் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில். வார்டில் மலையாளமும் தமிழும் கலந்துதான் ஓடும். எந்த மொழிப் பெண்ணாக இருந்தாலும், வளைகுடா என்று பேச்சு எழுந்தால் கூடவே வருவது ஒன்றுதான்: அம்மா அடகு வைத்த நகை, தங்கச்சி கல்யாணம், நர்சிங் படிக்க வாங்கிய கடன்.

ஜெபிக்கச் சொல்வது எனக்குச் சந்தோஷம். ஆனால் பல சமயம் அதற்குள் மெடிக்கல் முடிந்திருக்கும், முகவருக்கு முன்பணம் போயிருக்கும், சபையில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும். எல்லாம் ஆன பிறகு ஆண்டவரிடம் கேட்க என்ன மிச்சம் இருக்கிறது? வழி கேட்பதற்குப் பதிலாக, எடுத்த முடிவுக்குச் சம்மதம் வாங்கப் போகிறோம். இதை நான் அந்தப் பெண்களிடம் நேராகவே சொல்வேன். சிலர் முகம் வாடும். வாடினாலும் சொல்லத்தான் வேண்டும்.

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைக்கிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. போ, போகாதே என்று சீட்டு எழுதி எடுக்கிறவர்களும் உண்டு. புதுவருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில் "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார்" என்று வந்துவிட்டால், விசாவே வந்த மாதிரிதான். அவர்கள் விசுவாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். யூதாசின் இடத்துக்கு ஆள் தேடியபோது அப்போஸ்தலரும் சீட்டுப் போட்டார்கள், அது மத்தியாவுக்கு விழுந்தது. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் வாசிக்க வேண்டும். யோவானின் ஞானஸ்நானம் தொடங்கித் தங்களோடு கூடவே இருந்தவன்தான் வேண்டும் என்று தகுதியைப் பேசி முடித்தார்கள், இரண்டு பேரை நிறுத்தினார்கள், ஜெபித்தார்கள். சீட்டு கடைசியில்தான்.

எனக்கு அதிகம் கைகொடுத்தவர் வேதாகமத்தில் வரும் நெகேமியா. எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று சூசானில் கேள்விப்பட்டபோது அவர் பெர்சிய ராஜாவுக்குத் திராட்சரசம் கொடுக்கிற பானபாத்திரக்காரர், நல்ல உத்தியோகம். அழுதார், உபவாசித்தார், ஜெபித்தார். அது கிஸ்லேவு மாதம். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில். நடுவே ஏறக்குறைய நாலு மாதம்! ராஜா "என்ன வேண்டும்?" என்று கேட்ட அந்த நொடியிலும் மனசுக்குள் ஒரு ஜெபம் செய்துவிட்டுத்தான் பதில் சொன்னார். அப்புறம் அவர் கேட்டதைப் பாருங்கள்: நதிக்கு அப்பால் இருக்கிற அதிபதிகளுக்குக் கடிதம், மரம் கொடுக்கும்படி வனக்காவலன் ஆசாப்புக்கு ஒரு கடிதம். ஊர் போய்ச் சேர்ந்ததும், யாரிடமும் சொல்லாமல் ராத்திரியில் மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஜெபித்த மனிதர்தான் கடிதங்களையும் கேட்டு வாங்கினார்.

எங்கள் வார்டில் ஒரு பெண்ணுக்குச் சவுதி வேலை வந்தது. முகவர் கேட்டது லட்சங்களில். அவள் ராத்திரி ட்யூட்டியில் மருந்தெல்லாம் கொடுத்து முடித்த பிறகு மருந்து அறையில் நின்று ஜெபிப்பாள். "மனசுல சமாதானம் இருக்கு அக்கா" என்றாள். "நல்லது மக்களே, ஒப்பந்தத்தை வாசிச்சியா?" என்று கேட்டேன். ஒப்பந்தமே அவள் கையில் இல்லை.

அன்றைக்கு அவளோடு உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சவுதி, குவைத், ஓமன் உள்பட 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இந்திய அரசிடம் குடியேற்ற அனுமதி (எமிகிரேஷன் கிளியரன்ஸ்) வாங்க வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆள் எடுப்பதற்குக் கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக், நம் தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று அரசு அமைப்புகளே இருக்கின்றன. பதிவு பெற்ற முகவர் என்றாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். "இதையெல்லாம் கேளு, கேட்டுட்டு ஜெபம் பண்ணு" என்றேன்.

அவள் முகவரிடம் கேட்டாள். முதலில் வேலைக்கான விசா இல்லாமல் விசிட் விசாவில் போய்விடலாம், மற்றதை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அவள் போகவில்லை. முன்பணத்தில் பாதி திரும்பவே இல்லை. "கர்த்தர் திறந்த வாசலை இவங்க அடைச்சுட்டாங்க" என்று அவள் அம்மா என்மேல் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. நகை வங்கியில் இருக்கும்போது எந்தத் தாய்க்கும் பொறுமை எளிதில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு வந்த சமாதானம் பொய் என்று நான் நினைக்கவில்லை. கேள்வி கேட்கிற தைரியம் அதிலிருந்துதான் அவளுக்கு வந்தது.

என் விஷயமும் உண்டு. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஓமனில் ஒரு வேலை வந்தது, காகிதமெல்லாம் சுத்தம். கடனைக் காரணமாகச் சொல்லித்தான் ஜெபிக்கத் தொடங்கினேன். நாள் போகப் போக, கடனைப் பற்றி நான் ஆண்டவரிடம் பேசுவதே குறைந்துவிட்டது. படுக்கையில் கிடந்த மாமியார், வீட்டின் சத்தம், மூச்சுவிட இடமில்லாத களைப்பு, இவைதான் வாயில் வந்தன. எனக்கு வேண்டியிருந்தது ஓய்வு. அது தெரிந்த பிறகு கணவரிடம் சொன்னேன். அவர் தன் தம்பியிடம் பேசினார், மாமியாரைப் பார்ப்பதில் ஆளுக்கொரு பங்கு வந்தது. நான் இங்கேயே இருந்தேன். கடன் அடைய வருஷங்கள் ஆயின, சில மாதங்கள் ரொம்பவே கஷ்டம். ஆனாலும் "நான் ஏன் போகவில்லை" என்ற கேள்வி இதுவரை என்னைத் தூங்கவிடாமல் செய்ததில்லை.

குமரி மாவட்டத்தில் பெரியவர்கள் சாமர்வெல் டாக்டரைச் சொல்வார்கள். 1922-இல் எவரெஸ்ட் ஏற வந்த ஆங்கிலேயக் குழுவில் இருந்தவர். அது முடிந்து ஊர் சுற்றும்போது நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். காத்துக் கிடந்த நோயாளிகளையும், அறுவை செய்ய ஆள் போதாத நிலைமையையும் பார்த்தார். லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கேயே வந்து சேர்ந்தார். அவருக்கு அழைப்பு கண் முன்னால் கிடந்த வேலையாக வந்தது. போவதுதான் சுயநலம், இருப்பதுதான் பக்தி என்று இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரும் தன் நாட்டை விட்டுக் கிளம்பி வந்தவர்தானே. எங்களில் எத்தனையோ பெண்கள் வளைகுடாவில் நன்றாக உழைத்து, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களையும் ஆண்டவர்தான் நடத்தினார்.

இப்போது இன்னொரு பெண்ணுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். இங்கிலாந்து போக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதித் தேறிவிட்டாள், வீட்டில் கல்யாணமும் பேசிவிட்டார்கள். ஈஸ்டர் வரைக்கும் பொறுக்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். தெளிவாக ஒன்றும் இன்னும் வரவில்லை. அதற்குள் அந்தப் பையனை நேரில் பார்த்து, மூன்று வருஷம் அவள் அங்கே இருந்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.