மூன்றாம் காபனில் நிற்கும் ஐதரொட்சில்

எங்கள் உயிரியல் ஆசிரியர் டி.என்.ஏ.யை முறுக்கிய ஏணி என்று யாரையும் சொல்லவிடமாட்டார். பாடநூலில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. விடைத்தாளில் அப்படி எழுதினால் பரீட்சகர் புள்ளி போடுவார் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் வகுப்பில் எவராவது ஏணி என்று வாயெடுத்தால் போதும், "ஏணியைத் தலைகீழாக நிறுத்தினால் என்ன வித்தியாசம், தம்பி?" என்று கேட்பார். ஒன்றுமில்லை என்போம். "இதில் ஒரு இழையை மட்டும் தலைகீழாக்கிப் பாரும், ஒரு சோடியும் பொருந்தாது. ஏணியின் இரண்டு கால்களுக்கும் திசை கிடையாது. இந்த இழைகளுக்குத் திசை உண்டு, அதுவும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. அதை விட்டுவிட்டு மிச்சத்தைப் படித்து என்ன பயன்?"

தன் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை. ஆகவே எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதும் இந்தக் கட்டுரையிலும் சேர் என்றே எழுதுகிறேன். அவரிடம் படித்தவர்களுக்கு இதற்குள் ஆள் யாரென்று தெரிந்திருக்கும்.

நாங்கள் உயர்தரம் படித்தது எண்பதுகளின் பிற்பகுதியில். மூலக்கூற்று உயிரியல் நுட்பங்கள் என்று ஓர் அலகு அப்போது எங்களுக்கு இருக்கவில்லை. டி.என்.ஏ. துண்டொன்றைப் பல மடங்காகப் பிரதியெடுக்கும் பி.சி.ஆர். என்ற சொல்லைப் பாடசாலையில் நான் கேள்விப்பட்டதே இல்லை. சேர் செய்ததெல்லாம் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்ததுதான். ஐங்கோண வெல்லம், அதன் காபன்களுக்கு இலக்கம், ஐந்தாம் காபனில் பொசுபேற்று, முதலாம் காபனில் நைதரசன் மூலம். மூன்றும் சேர்ந்தது ஒரு நியூக்கிளியோத்தைட்டு, இழையின் ஓர் அலகு. மூன்றாம் காபனுக்கு வந்ததும் வெண்கட்டியை அழுத்தி ஒரு வட்டம் போடுவார். "இந்த ஐதரொட்சில் கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். அடுத்த நியூக்கிளியோத்தைட்டு இங்கேதான் வந்து பிணையும். இது இல்லாவிட்டால் சங்கிலி அந்த இடத்திலேயே நின்றுபோகும்."

இல்லாமல் போவதற்கு எங்கே வழி என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு விடை பல ஆண்டுகளின் பின், கடல் கடந்து வந்து சேர்ந்த ஆய்வுகூடத்தில்தான் கிடைத்தது. பிரெடரிக் சாங்கர் 1977இல் வெளியிட்ட, டி.என்.ஏ.யில் மூலங்களின் வரிசையறியும் முறையை ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் காபனில் ஐதரொட்சில் இல்லாத நியூக்கிளியோத்தைட்டுகளைச் செயற்கையாகத் தயாரித்து, சாதாரணமானவற்றோடு சிறிதளவு கலந்துவிட வேண்டும். நொதியம் புதிய இழையைக் கட்டிக்கொண்டு போகும். தற்செயலாக அந்தப் பொய் அலகு ஒன்று சேர்ந்துவிட்டால் இழை அங்கேயே முடிந்துவிடும். நான்கு மூலங்களில் ஒன்றான அடினினுக்குரிய பொய் அலகைச் சேர்த்த குழாயில் உள்ள இழைகள் எல்லாம் அடினினில் முடியும். குவானின், சைற்றோசின், தைமினுக்கும் அப்படியே. நான்கு குழாய்களில் உள்ளதையும் அருகருகே ஜெல்லில், அதாவது இழைகளை நீளப்படி பிரிக்கும் கூழில், மின்னைச் செலுத்தி ஓட்டி, மிகக் குறுகிய இழை நிற்கும் அடிப்பக்கத்திலிருந்து மேலே வாசித்துக்கொண்டு போனால் வரிசை வந்துவிடும். என் பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை. சேர் போட்ட வட்டத்தை ஒருவர் எடுத்துக் கருவியாக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

சாங்கருக்கு அதற்காக 1980இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்சுலின் ஆய்வுக்காக 1958இல் ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தார். பிற்பாடு இழைகளை அடையாளம் காட்டிய கதிர்த்தொழிற்பாட்டுக்குப் பதிலாக நான்கு நிறச் சாயங்கள் வந்தன, கண்ணாடித் தட்டு ஜெல்லுக்குப் பதிலாக மயிர்த்துளைக் குழாய்கள் வந்தன. 1990இல் தொடங்கி 2003இல் நிறைவெய்திய மனித மரபணுத் தொகுதித் திட்டமும் பெரும்பாலும் இந்த முறையில்தான் நடந்தது.

அதற்குப் பிறகு, எந்த நுட்பத்தைக் கற்றாலும் அந்தப் படத்தில் அது எங்கே இருக்கிறது என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஜெல் மின்னோட்டப் பிரிப்பைத் தேட வேண்டியே இருக்கவில்லை. லைனஸ் போலிங்கின் கதையைச் சேர் மிக விரும்பிச் சொல்வார். இரசாயனப் பிணைப்புகளைப் பற்றி அந்த மனிதருக்குத் தெரிந்த அளவு அந்நாளில் வேறெவருக்கும் தெரியாது. அவர் 1953 பெப்ரவரியில் டி.என்.ஏ.க்கு மூன்று இழை அமைப்பொன்றை வெளியிட்டார். பொசுபேற்றுகளை நடுவில் நெருக்கி, மூலங்களை வெளியே நீட்டிவிட்டார். பொசுபேற்றுகள் ஏற்றமின்றி இருந்தால்தான் அந்த அமைப்பு நிற்கும். நீர்க்கரைசலில் அவை ஐதரசன் அயனை இழந்து மறையேற்றம் கொண்டிருக்கும், ஒன்றையொன்று தள்ளும். "முதலாம் வருட மாணவனுக்குத் தெரிந்த இரசாயனம், போலிங்குக்குத் தப்பிவிட்டது" என்று சொல்லிவிட்டுச் சேர் சிரிப்பார். பெரிய மனிதர் சறுக்கிய மகிழ்ச்சி அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இரண்டு மாதத்தில், ஏப்பிரல் 25ஆம் திகதி 'நேச்சர்' இதழில், பொசுபேற்றுகளை வெளியே வைத்த இரட்டைச் சுருளை வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டார்கள். பொசுபேற்று வெளியேதான் இருக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு முன்பே உறுதியாகச் சொன்னவர் ரோசலிண்ட் பிராங்கிளின். அவருடைய கட்டுரையும் அதே இதழில்தான் வந்தது. 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு வாங்கியபோது பிராங்கிளின் இறந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. முப்பத்தேழு வயதில் போனவர். இந்த இடத்தில் மட்டும் சேர் சிரிக்கமாட்டார்.

வெளியே நிற்கும் அந்த மறையேற்றம்தான் ஜெல்லில் டி.என்.ஏ.யை நேர்மின்வாயை நோக்கி இழுக்கிறது. ஒவ்வொரு நியூக்கிளியோத்தைட்டுக்கும் ஒரு பொசுபேற்று என்பதால் துண்டு நீளமானால் ஏற்றமும் அதே வீதத்தில் கூடும். வெறும் திரவத்தில் ஓடவிட்டால் குட்டையும் நெட்டையும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் போகும். பிரிப்பது அகரோஸ் வலையின் நுண்துளைகள். குறுகியது நுழைந்து முன்னே போய்விடும், நீண்டது பின்தங்கும். அகரோஸ் செங்கடற்பாசியிலிருந்து எடுப்பது. நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கரைத்து ஊற்றினால் அன்றாட வேலைக்குப் போதும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், பற்றீரியாவிலுள்ள சிறு வட்ட டி.என்.ஏ.யான பிளாஸ்மிட் ஒரே ஒன்றை வெட்டாமல் ஓட்டிவிட்டு, இரண்டு மூன்று பட்டிகள் தெரிகின்றனவே என்று பதறுவார்கள். மாசு எதுவும் இல்லை. வட்ட மூலக்கூறு இறுகச் சுருண்டிருந்தால் விரைவாக ஓடும், ஒரு இழையில் வெட்டு விழுந்து தளர்ந்திருந்தால் மெதுவாக ஓடும். நீளம் ஒன்றுதான், உருவம் வேறு.

டி.என்.ஏ.யைப் பிரித்தெடுப்பதிலும் அதே பொசுபேற்றுதான். கலச்சவ்வை அழுக்ககற்றி கரைக்கும், புரதத்தை நொதியமோ பீனோலோ அகற்றும். இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதற்குப் பிறகு உப்பும் குளிர்ந்த எதனோலும் சேர்க்கும் கட்டம் இருக்கிறதே, அதை எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அலுக்காது. நீர் இருக்கும்வரை சோடியம் அயன் பொசுபேற்றை நெருங்க முடியாது. எதனோல் நீரின் பிடியைத் தளர்த்தியதும் சோடியம் வந்து ஒட்டி ஏற்றத்தைச் சமப்படுத்துகிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த மூலக்கூறுகள் ஒன்றுகூடி வெள்ளை நூலாகக் கண்முன்னே வெளியே வருகின்றன. கரைசலில் ஈ.டி.டி.ஏ.யும் இருக்கும். டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியங்களுக்கு மகனீசியம் வேண்டும், அதை ஈ.டி.டி.ஏ. பிடித்து வைத்துக்கொள்ளும். பாதுகாக்கிறதே என்று அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் பிறகு பி.சி.ஆர். நடக்காது, ஏனென்றால் புதிய இழையைக் கட்டும் நொதியமான பொலிமரேசுக்கும் அதே மகனீசியம்தான் வேண்டும்.

ஏணியைச் சேர் ஏன் அவ்வளவு வெறுத்தார் என்பது வெட்டு நொதியங்களைக் கையாளத் தொடங்கியபோதுதான் முழுமையாக விளங்கியது. ஈகோ ஆர் வன் என்ற நொதியம் மூலங்களின் ஆங்கில முதலெழுத்துகளில் ஜி-ஏ-ஏ-ரி-ரி-சி என்ற ஆறெழுத்தைக் கண்டால் வெட்டும். எதிர் இழையை அதன் சொந்தத் திசையில் வாசித்தால் அங்கும் அதே ஆறெழுத்துத்தான். இரண்டு இழைகளிலும் முதல் ஜி-க்கு அடுத்த இடத்தில் வெட்டு விழுவதால், ஒவ்வொரு முனையிலும் நான்கு மூலங்கள் தனித்து நீட்டிக்கொண்டு நிற்கும். அதே நொதியத்தால் வெட்டிய வேறெந்தத் துண்டும் அங்கே வந்து பொருந்தும். லிகேசு நொதியம் ஒட்டிவிடும். மனித இன்சுலினைப் பற்றீரியாவிடமிருந்து பெற முடிந்தது இப்படி வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டதால்தான். திசையை மறந்தவனுக்கு இது ஒரு எழுத்து விளையாட்டாகத் தெரியும், மனப்பாடம் செய்துவிட்டுப் போவான்.

பி.சி.ஆர். பற்றி இப்போது எல்லோருக்கும் ஏதோ தெரியும், பெருந்தொற்றுக் காலம் அந்த மூன்றெழுத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. கேரி மல்லிசு 1983இல் எண்ணிப் பார்த்ததும் சேருடைய படத்துக்குள் இருந்ததுதான். இழைகளைச் சேர்த்து வைத்திருப்பவை ஐதரசன் பிணைப்புகள், அவை 95 பாகையில் விட்டுக்கொடுக்கும். இழையின் முதுகெலும்பில் உள்ள பிணைப்புகளுக்கு அந்த வெப்பத்தில் ஒன்றும் ஆகாது. பிறகு குளிர்வித்து, நாம் செய்து வைத்த சிறு தொடக்கத் துண்டுகளைப் பொருந்தவிட்டு, 72 பாகையில் நொதியத்தை வேலை செய்யவிட வேண்டும். முப்பது சுற்றில், கணக்குப்படி, ஒன்று 107 கோடியாகும். உண்மையில் அவ்வளவு வராது, மூலப்பொருள் குறையும், நொதியமும் களைக்கும். ஆரம்பத்தில் பயன்படுத்திய நொதியம் ஒவ்வொரு சூடேற்றத்திலும் செத்துப்போனதால் சுற்றுக்கொரு தடவை குழாயைத் திறந்து புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த அலுப்பைத் தீர்த்தது யெலோஸ்டோன் வெந்நீரூற்றில் கண்டெடுத்து 1969இல் விவரிக்கப்பட்ட ஒரு பற்றீரியாவின் நொதியம்.

ஓரிடத்தில் சேரோடு எனக்கு வாதம் உண்டு. அடினின்-தைமினுக்கு இரண்டு பிணைப்பு, குவானின்-சைற்றோசினுக்கு மூன்று, ஆகவே பின்னது உறுதி என்பார். தொடக்கத் துண்டுகளின் உருகுநிலையை, அதாவது இழைகள் பிரியும் வெப்பநிலையை, கையால் கணிக்கும்போது நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்: ஏ, ரி ஒவ்வொன்றுக்கும் 2 பாகை, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 பாகை. இருபது எழுத்தில் பாதிக்குப் பாதி என்றால் 60 பாகை. குறுகிய துண்டுகளுக்கு அது போதும். ஆனால் சுருளைக் கட்டிக் காப்பதில் பெரும்பங்கு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் மூலங்களுக்கிடையிலான ஈர்ப்புக்குத்தான். ஐதரசன் பிணைப்புகளின் பங்கு யாரோடு யார் சேர்வது என்பதைத் தீர்மானிப்பதில் கூடுதல். வாட்சனும் கிரிக்கும்கூட முதற் கட்டுரையில் குவானின்-சைற்றோசினுக்கு இரண்டு பிணைப்புகளைத்தான் கருதியிருந்தார்கள். மூன்றாவதை 1956இல் எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் போலிங். அவர் இப்படிக் கணக்குத் தீர்த்துக்கொண்டதைச் சேர் எங்களிடம் சொல்லவே இல்லை. வேண்டுமென்றே விட்டிருப்பார் என்றுதான் இன்றும் சந்தேகப்படுகிறேன்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு உபகரணம் அனுப்பும் யோசனையில் இருந்தால் என் கருத்து இதுதான். பி.சி.ஆர். பொறியை முதலில் அனுப்பாதீர்கள். அது மூடிய பெட்டி, உள்ளே நடப்பது மாணவர் கண்ணில் படாது. நல்ல நுண்குழாயிகள் சில, ஜெல் தொட்டி ஒன்று, அதற்கான மின்வழங்கி, நீல ஒளியில் ஒளிரும் சாயம் ஆகியவற்றை அனுப்புங்கள். புறவூதாக் கதிரும் அதில் ஒளிரும் எதிடியம் புரோமைட்டுச் சாயமும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேண்டாம். சாயம் கலந்த மாதிரி குழிக்குள் இறங்கி நேர்மின்வாயை நோக்கி நகரத் தொடங்கும்போது, ஏன் அந்தப் பக்கம் என்று எவராவது கேட்பார்கள், அங்கிருந்து ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

மலர்க்குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரைக்கு மேலே டி.என்.ஏ. படம் ஒன்று போட நினைத்தால், அது வலச்சுழியா என்று தயவுசெய்து பார்த்துப் போடுங்கள். நம் கலங்களில் இருக்கும் சாதாரண வடிவம் வலச்சுழி. விளம்பரங்களிலும் நூல் அட்டைகளிலும் கண்ணாடியில் திருப்பியதுபோல இடச்சுழியாக வரைந்தவை ஏராளம். வலக்கைப் பெருவிரலை மேல்நோக்கி நிமிர்த்தினால் மற்ற விரல்கள் மடங்கும் திசையில் இழை சுற்றிக்கொண்டு மேலேற வேண்டும். ஏறாவிட்டால் படமே வேண்டாம், பழைய மாணவர்களில் பாதிப் பேர் கடிதம் எழுதுவார்கள், முதற் கடிதம் என்னுடையதாகத்தான் இருக்கும்.