ரெக் டைவர் கார்டு வந்தாச்சு: துலம்பென் லிபர்ட்டியில் எனக்கு இரண்டாவது முறை

நேற்று இரவு கார்டு வந்தது: மூழ்கிய கப்பல்களில் (ரெக்) டைவ் செய்யப் பயிற்சி பெற்றதற்கான சான்று. கப்பல், பாலித் தீவின் துலம்பென் கரையில் கிடக்கும் லிபர்ட்டி. போன ஆண்டு இதே கப்பலில், இதே நான்காவது டைவில் தேறாமல் திரும்பியவன் நான். அதனால் இதை எழுதிவிட்டுத்தான் தூங்கவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பயிற்சியின் அமைப்பு இதுதான். இரண்டு நாள், நான்கு டைவ், கடைசியில் கப்பலுக்குள் நுழைந்து வெளியே வருவது. முதல் மூன்றில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. நானும் தடுமாறவில்லை. என் கதை முழுக்க நான்காவதைப் பற்றியது. அதிலும் ரீல் கயிற்றைப் பற்றியது, அதாவது வாசலில் கட்டிவிட்டு, திரும்பும் வழி தெரிய உள்ளே விட்டுக்கொண்டே போகும் கயிறு. மிதவைக் கட்டுப்பாடு முக்கியம், காற்றுக் கணக்கு முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் என்னைக் கவிழ்த்தது கயிறு, காப்பாற்றியதும் கயிறு. ஆகவே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் கப்பல். தியரி வகுப்பில் இதைச் சரியாகச் சொல்பவர்கள் குறைவு. பெயர் லிபர்ட்டி என்பதால், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா வரிசையாகக் கட்டித் தள்ளிய 'லிபர்ட்டி ரகக் கப்பல்'களில் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த ரகத்தின் முதல் கப்பல் நீரில் இறங்கியது 1941இல். இதுவோ 1918இல் நியூ ஜெர்சியில் கட்டப்பட்ட சரக்குக் கப்பல். முதல் உலகப் போரில் கடற்படையிடம் இருந்தது, அடுத்த போரில் ராணுவத்தின் சரக்குக் கப்பலாக ஓடியது. 1942 ஜனவரி 11 அன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு ரயில் உதிரிபாகங்களும் ரப்பரும் ஏற்றிப் போகும்போது, லோம்போக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-166 டார்பிடோவால் தாக்கியது. ஒரு அமெரிக்கப் போர்க்கப்பலும் ஒரு டச்சுப் போர்க்கப்பலும் சேர்ந்து, பாலித் தீவின் வடகரையில் உள்ள சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தன. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் வழியில் துலம்பென் கரையில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். அப்படியே 21 ஆண்டுகள் கரையிலேயே கிடந்தது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட நில அதிர்வில் சரிந்து கடலுக்குள் போனது. அந்த வெடிப்பில் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கீழே நாம் பார்க்கும் கறுப்பு மணலும் அந்த மலையுடையதுதான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கப்பல் கிடக்கும் விதத்துக்குக் காரணமே இந்த வரலாறுதான். நடுக்கடலில் மூழ்கிய கப்பல் இல்லை, கரையிலிருந்து வழுக்கி இறங்கிய கப்பல். அதனால்தான் கரையை ஒட்டி, சுமார் 120 மீட்டர் நீளத்துக்கு, சரிவில் பக்கவாட்டாகப் படுத்திருக்கிறது. மேல் விளிம்பு ஏறக்குறைய 5 மீட்டரில், கீழே மணல் 30 மீட்டருக்குக் கிட்டத்தில். படகே வேண்டாம், நடந்து இறங்கலாம்.

பக்கவாட்டாகப் படுத்திருப்பதுதான் உள்ளே போனதும் தலையைச் சுற்றவைக்கும். சுவர் தரையாகிவிடும், தரை சுவராகிவிடும். ஏணி கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும். முதல் முறை உள்ளே போனபோது என் மூளை கப்பலை நிமிர்த்தி வைக்கப் பார்த்தது, அதனால் நானே லேசாகச் சாய ஆரம்பித்தேன். அப்போது உங்கள் காற்றுக்குமிழியைப் பாருங்கள். அது போகும் திசைதான் மேல்.

சரி, நான் தவறியது எப்படி என்று சொல்கிறேன்.

கூட வந்தவன் என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி. வெளியே திறந்த நீரில் முதல் முடிச்சு, நுழைவாயிலைத் தாண்டியதும் உள்ளே இரண்டாவது முடிச்சு. இரண்டையும் ஒழுங்காகத்தான் போட்டேன். ரீல் என் கையில், அவன் எனக்குப் பின்னால், பயிற்றுநர் அவனுக்குப் பக்கத்தில். நாலைந்து உதையில் உள்ளே போனதும் டார்ச் வெளிச்சத்தில் ஒரு பெரிய களவா மீன் அசையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே மூச்சை முழுதாக விட்டேன். உடம்பு ஒரு அடி இறங்கியது. ரீலைத் தடுத்துப் பிடித்திருந்த விரல் எப்போது விலகியது என்று எனக்குத் தெரியவில்லை. கயிறு தானாகவே ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் வெளியே வந்து தளர்ந்து மிதந்தது. பின்னால் வந்தவனின் ஃபின்னில் (காலில் மாட்டும் துடுப்பில்) சுற்றிக்கொண்டது. அவன் காலை உதறினான். நான் என்ன ஆயிற்று என்று திரும்பினேன். திரும்பும்போது என் ஃபின் கீழே படிந்திருந்த மண்ணில் பட்டது.

பத்து விநாடி ஆகியிருக்காது. டார்ச்சை முகத்துக்கு நேரே பிடித்தால் பழுப்பு மூடுபனி மட்டும்தான். கயிற்றைப் பிடித்தேன். ஆனால் அது தளர்ந்த கயிறு. இழுத்தால் வந்துகொண்டே இருந்தது. எந்தப் பக்கம் வாசல் என்று அது சொல்லவில்லை. அந்த நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டதை இப்போது நினைத்தாலும் கை சில்லிடுகிறது. பயிற்றுநர் என் மேற்கையைப் பிடித்து அழுத்தி, வெளியே கொண்டுவந்தார். வாசல் ஆறு மீட்டர் தள்ளித்தான் இருந்தது.

மேலே வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீங்கள் நன்றாக நீந்துகிறீர்கள். ஆனால் இன்றைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. விடுப்பு, விமானச் செலவு எல்லாம் மனதில் ஓடியது. ஒரு மண்மேகத்துக்காகவா என்று ஊர் திரும்பியும் இரண்டு மாதம் புழுங்கினேன். பிறகு ஒருநாள் அந்த டைவைக் காகிதத்தில் வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மண் கிளம்பியதில் பெரிய தப்பில்லை, அது யாருக்கும் கிளம்பும். கிளம்பிய பிறகு நம்பிப் பிடிக்க ஒரு கயிறு இல்லாமல் போனதுதான் தப்பு. அவர் கையெழுத்துப் போடாதது சரி.

அப்புறம் ஒரு சாதாரண ரீலை வாங்கி வீட்டிலேயே பழகினேன். ஜன்னல் கம்பியில் முதல் முடிச்சு, நாற்காலிக் காலில் இரண்டாவது, அங்கிருந்து கட்டில், கதவு, மாடிப்படி. போகும்போது கண் திறந்து, வரும்போது கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு. தம்பி பின்னாலேயே வந்து, "அண்ணே, கயிறு தொங்குது" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். மூன்று வாரம். கடைசி நாட்களில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நீரில் செய்யவேண்டியதில் முக்கால்வாசியை நிலத்திலேயே கற்றுக்கொள்ளலாம் என்று நான் முழுமையாக நம்புகிறேன்.

கயிற்றைப் பற்றி எனக்குப் படிந்தவை:

- ஆள்காட்டி விரல் எப்போதும் சுருளின் மேல். கயிறு நீங்கள் இழுத்தால்தான் வரவேண்டும், தானாக வரக்கூடாது.
- மீனைப் பார்க்கவேண்டும் என்றால் நின்று, கயிறு விறைப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, அப்புறம் பாருங்கள்.
- துருப்பிடித்த கூரான விளிம்பில் முடிச்சுப் போடாதீர்கள். அறுத்துவிடும்.
- ஒரே பக்கமாக, தாழ்வாகக் கொண்டுபோங்கள். பாதையின் நடுவில் விட்டால் கூட்டாளி மாட்டுவார்.
- திரும்பும்போது கூட்டாளி முன்னால், ரீல் வைத்திருப்பவர் கடைசி. சுற்றும் வேகத்துக்கு ஏற்ப நீந்துங்கள். கயிறு தளர்ந்தால் அவசரமாகச் சுற்றாதீர்கள், நீந்துவதை நிறுத்துங்கள்.
- ரீலும் டார்ச்சும் ஒரே கையில். மிதவை ஜாக்கெட்டில் காற்று ஏற்றி இறக்கும் பொத்தானுக்கு இடது கை காலியாக இருக்கட்டும்.

உதை பற்றியும் ஒரு வார்த்தை. மேலும் கீழும் அடிக்கும் வழக்கமான உதை உள்ளே வேண்டவே வேண்டாம். முழங்காலை மடித்து, தவளை போலப் பக்கவாட்டில் தள்ளுங்கள். அப்படிச் செய்தும் மண் விழும். நாம் விடும் குமிழிகள் மேலே துருவில் மோதி, அதைப் பொலபொலவென்று உதிர்க்கும். அதனால் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்காதீர்கள்.

தியரியில் கட்டாயம் கேட்பது 40 மீட்டர் கணக்கு. ஆழமும் உள்ளே போகும் தூரமும் சேர்ந்து 40ஐத் தாண்டக்கூடாது. 18 மீட்டரில் வாசல் என்றால் உள்ளே 22தான். அதிலும் வாசலின் இயற்கை வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் வரைதான். காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, ஒரு பங்கு கையிருப்பு. டேங்கில் 200 பார் அழுத்தத்தோடு நுழைந்தால் 134இல் திரும்பவேண்டும். நான் 140இலேயே, 'போதும், திரும்பலாம்' என்று கட்டைவிரலைக் காட்டித் திரும்பினேன். பயந்த சுபாவம் எனக்கு. அதை மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. துணிச்சல்காரர்கள் இந்தக் குறிப்பைத் தங்களுக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் 134க்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

நான்கில் ஒன்று, கப்பலை வரைபடமாக வரையும் டைவ். அதில் ஒரு பொறி இருக்கிறது. திசைகாட்டியை நம்பிக் கப்பலை வரையப் போனால் வரைபடம் கோணலாகிவிடும். அவ்வளவு இரும்புக்குப் பக்கத்தில் ஊசி தடுமாறும். உதைகளை எண்ணுங்கள். பீரங்கி, பெரிய உடைவு, நீங்கள் மறக்க முடியாத ஒரு கடல்விசிறி (விசிறி வடிவப் பவளம்) என்று மூன்று நான்கு அடையாளம் போதும். அழகாக வரைவதற்கு யாரும் மதிப்பெண் தருவதில்லை.

இந்த இடத்துக்கென்றே சில விஷயங்கள்:

கடற்கரை முழுக்க உருண்டைக் கற்கள். அலை வந்தால் காலடியில் உருளும். கெட்டி அடிப்பாகமுள்ள பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். டேங்குகளை உள்ளூர்ப் பெண்கள் தலையில் சுமந்து கொண்டுவந்து வைப்பார்கள், அந்தக் கற்களின் மேல் கொஞ்சமும் தடுமாறாமல். அவர்கள் காலை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்து நானும் அங்கேயே வைத்தேன். ஒருமுறைகூட விழவில்லை.

காலை ஆறு மணிக்கு இறங்கிவிடுங்கள். தெற்கிலிருந்து வண்டியில் வரும் கூட்டம் ஒன்பது பத்து மணிக்குத்தான் சேரும். அதற்குப் பிறகு வாசலில் வரிசையில் நிற்கவேண்டியிருக்கும், அவர்கள் கிளப்பிய மண்ணில் நீங்கள் தேர்வு எழுதவேண்டியிருக்கும். விடியலில் இன்னொரு பலன் உண்டு. நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் இரவில் கப்பலில்தான் தூங்கும். வெளிச்சம் வரும் நேரத்தில் கூட்டமாகப் புறப்படும். ஒவ்வொன்றும் ஒரு சிறுவன் அளவுக்கு இருக்கும்.

எதையும் தொடாதீர்கள், ஒரு ஆணியைக்கூட எடுக்காதீர்கள். சிங்கமீனும் கல்மீனும் இருக்கும் கப்பல் இது, தொட்டால் கைக்கும் ஆபத்து.

இரண்டாவது முறை நான்காவது டைவ் 31 நிமிடம். அதே வாசல். உள்ளே மண் கொஞ்சம் கிளம்பியது. விரலால் கயிற்றைத் தட்டினேன், விறைப்பாக அதிர்ந்தது. பின்னால் தம்பியின் டார்ச் வட்டமாகச் சுழன்று, எல்லாம் சரி என்றது. வெளியே வந்து கடைசி முடிச்சை அவிழ்க்கும்போது பயிற்றுநர் பேசவில்லை, தண்ணீருக்குள் எப்படிப் பேசுவார், கையை மட்டும் நீட்டினார். குலுக்கினேன். மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும்போது தலைக்கு மேலே பாரை மீன் கூட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மாஸ்க்குக்குள் கண்ணீர் நிறைந்து, இரண்டு முறை தண்ணீர் வெளியேற்றவேண்டியதாயிற்று.

ஒரு எச்சரிக்கை. முடிந்த கையோடு கிந்தாமணி மலைப்பாதை வழியாகத் திரும்பத் திட்டம் போடாதீர்கள். பாதை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏறுகிறது. டைவ் செய்ததும் உயரத்துக்குப் போனால் காற்றழுத்தம் குறைந்து, உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகலாம். பல டைவ் செய்த பின் விமானம் ஏற 18 மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், மலையை மறந்துவிடுவார்கள். நாங்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினோம். அன்று முழுக்கக் கரையில் உட்கார்ந்து, ரீலைப் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, கயிற்றைக் கல்லுக்குக் கல் நீட்டிக் காயப்போட்டேன். உள்சுற்றுகளில் இன்னும் கறுப்பு மணல் இருந்தது.