எல்லோருக்கும் 20

மார்ச் 3
சார்ட்டில் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதும் கட்டத்தில் வார்டு முழுக்க 20. அயர்ந்து தூங்குகிறவருக்கும் 20, எழுந்து உட்கார்ந்து இருமுகிறவருக்கும் 20.

மார்ச் 4
கால் வலி. வேறொன்றுமில்லை.

மார்ச் 6
நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். நர்சிங் முதலாண்டில் படித்தது. இன்று அப்படியே நின்றேன். "என்ன, ஜோசியம் பார்க்கிறாயா? டிராலியைத் தள்ளு" என்றார் சீனியர் அக்கா. அவர்மேல் கோபம் வரவில்லை. படுக்கைகள் 30, டியூட்டியில் இருவர். மூச்சை மட்டும் எண்ணினாலே அரை மணி நேரம் போய்விடும். அதற்குள் எங்கோ சலைன் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறியிருக்கும், ஸ்கேனுக்கு ஒருவரை அனுப்பச் சொல்லி இரண்டு முறை போன் வந்திருக்கும்.

மார்ச் 7
செமினாருக்குப் படிக்கிறேன். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மதிப்பெண் கூடக் கூட ஆபத்து. மூச்சு 12 முதல் 20 வரை பூஜ்யம். 25-ஐத் தொட்டால் அதற்கு மட்டுமே 3. ஆக, யாரும் கேள்வி கேட்காத எண்களில் பெரியது 20. எழுதுகிறவர்களுக்கு விஷயம் தெரியாமலில்லை.

மார்ச் 9
படுக்கை 14. சார்ட்டில் 20. நான் எண்ணியது 28. மறுபடி எண்ணினேன், 28-தான். காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தம் சரி. ஆனால் இரண்டு சொல் பேசுவதற்குள் நிறுத்தி மூச்சு வாங்குகிறார். இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் டாக்டரிடம் சொன்னார், "மாணவி எண்ணியது" என்ற முன்னுரையோடு. "பதற்றமாக இருக்கும், பார்ப்போம்."

மார்ச் 10
இரவில் 14-ஐ ஐசியுவுக்கு மாற்றிவிட்டார்கள். இந்த வார்டில் மாணவிகள் பென்சிலில்தான் எழுத வேண்டும். என் 28 பென்சிலில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் மையில் 22.

22 எங்கிருந்து வந்தது?

மார்ச் 12
செமினார் முடிந்தது. அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் லிண்டா எய்க்கென் குழுவின் 2002 ஆய்வைச் சொன்னேன்: ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் சாத்தியம் 7 சதவீதம் கூடுகிறது. "இதை யாரிடம் போய்ச் சொல்வாய்?" என்றது பின் வரிசை. டியூட்டரும் சிரித்துவிட்டார். அவரும் வார்டில் இருந்தவர்தானே.

பிற்பகல் மருந்துக் கணக்குத் தேர்வு. 1000 மி.லி. சலைன், 8 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு. விடை நிமிடத்துக்கு 42. தேர்வில் எப்போதும் ஒரே ஒரு நோயாளிதான் வருகிறார்.

மார்ச் 13
22. யார் எழுதியது என்று கேட்கத் தைரியமில்லை. உள்மதிப்பீட்டு மதிப்பெண் இன்சார்ஜ் கையில்.

மார்ச் 15
14 என்ன ஆனார் என்று கேட்டேன். "அவர் இப்போது நம் வார்டு இல்லையே" என்றார் அக்கா. சற்று நேரம் கழித்து, தானாகவே ஐசியுவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை.

மார்ச் 16
நாளை முதல் குழந்தைகள் வார்டு. நிமிடத்துக்கு மூச்சு 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: அந்த எண்ணைத் தொட்டாலே வேகமூச்சு. அழும் குழந்தைக்கு எண்ணக்கூடாது, அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதுவரை மற்றக் குழந்தைகளை யார் பார்ப்பது என்று எழுதவில்லை.